பதினைந்தாவது மஞ்சள் அட்டை

மூர்லாகே மைதானத்தில் டாமோ லூபென் பந்தை உதைக்கக் காலை ஓங்கினால் எதிரணி கோல்கீப்பர் பயப்பட மாட்டார். கோல் கம்பத்துக்குப் பின்னால் சாசேஜ் வறுத்து விற்கும் ஹில்கோதான் பயப்படுவார். அவர் கடையின் புகைக்குழாய் டாமோவின் புண்ணியத்தில் இரண்டு முறை சாய்ந்திருக்கிறது. மூன்றாம் முறை சாயக்கூடாதென்று கம்பிவலை கட்டினார். அந்த வலையையும் தாண்டி வந்த பந்து கடுகு சாஸ் வாளிக்குள் குதித்தது. அன்றிலிருந்து டாமோவின் காலில் பந்து வந்தால் போதும், "அடி! அடி!" என்று மைதானமே கத்தும். கோல் விழும் என்ற நம்பிக்கையில் அல்ல, சும்மா சிரிப்பதற்கு. ஹில்கோ ஓடிப்போய் வாளியை மூடுவார்.

ஜெர்மனிக் கால்பந்தின் மூன்றாம் பிரிவில், ஒரே அணியில், பதினாறு வருடமாக நடுக்களத்தில் ஆடுகிறான் டாமோ. ஒரு கோல் கூடப் போட்டதில்லை. போடச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. எதிரணியில் எவன் நன்றாக ஆடுகிறானோ அவனைத் தேடிப் போய், ஒட்டிக்கொண்டு நின்று, எதற்கடா இந்த ஆட்டத்துக்கு வந்தோம் என்று அவனை நினைக்க வைப்பதுதான் டாமோவின் வேலை. அதை அவன் ஒழுங்காகச் செய்தான். அதற்கு நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் பிரிவின் விதிப்படி ஐந்து மஞ்சள் அட்டை சேர்ந்தால் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. பத்து சேர்ந்தாலும் அப்படியே, பதினைந்து சேர்ந்தாலும் அப்படியே. மற்றவர்கள் இதைத் தண்டனை என்பார்கள். டாமோ விடுமுறை என்றான். பிப்ரவரியில் அந்த வட்டாரத்துக்காரர்கள் கைவண்டியில் சாராயத்தை ஏற்றிக்கொண்டு, மூக்கு உறையும் குளிரில் வயல் வழியே ஆடிப்பாடி நடந்து, கடைசியில் ஒரு சத்திரத்தில் சுருட்டைக் கீரையையும் கொழுத்த சாசேஜையும் வயிறு முட்டத் தின்பார்கள். அதிகம் தின்றவருக்குக் கீரை ராஜா என்று பட்டம். அந்தச் சனிக்கிழமை ஆடாமல் இருக்க வேண்டுமென்றே முந்தின ஆட்டத்தில் யார் காலையாவது வாரி ஒரு மஞ்சள் அட்டை வாங்கிவிடுவான் டாமோ. ஊருக்கே தெரியும். பயிற்சியாளருக்கும் தெரியும், அவரும் கைவண்டி தள்ளுகிற ஆள்தான். இந்த வருடம் பத்தாவது அட்டையை அப்படித்தான் வாங்கினான். கீரை ராஜா பட்டமும் வாங்கினான்.

அந்தக் கீரைதான் இப்போது தொண்டையில் சிக்கியது.

வசந்தம் முடிவதற்குள், கேட்காமலே, இன்னும் நான்கு அட்டைகள் வந்து சேர்ந்தன. மொத்தம் பதினான்கு. மீதி இரண்டு ஆட்டம். ஒன்று தெற்கே கால்டன்பாக்கில். அடுத்தது சொந்த ஊரில், டாமோவின் கடைசி ஆட்டம். கால்டன்பாக்கில் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினால் கடைசி ஆட்டத்தில் அவன் இல்லை.

அந்தக் கடைசி ஆட்டத்தில் அவனுக்கு வேண்டியது மாலையோ பேண்டு வாத்தியமோ அல்ல. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கெஷே அக்கா மைக்கில் ஆட்டக்காரர்களை அறிவிப்பார். அவர் முதல் பெயரை மட்டும் சொல்வார். குடும்பப் பெயரை மைதானம் சொல்லும். "ஆறாம் நம்பர், டாமோ...!" என்று அவர் இழுத்து நிறுத்த, ஆறாயிரம் தொண்டைகள் "லூபென்!" என்று போடும் சத்தத்தில் பக்கத்து வயலில் மாடுகள் தலைதூக்கிப் பார்க்கும். டாமோ அதிகம் பேசாதவன். வீட்டில் உப்பு வேண்டுமென்றால் கூட எழுந்து போய் எடுத்துக்கொள்வான். அப்படிப்பட்டவனுக்கு அந்த ஒரு நொடி போதும், அடுத்த பதினைந்து நாளை ஓட்டிவிடுவான். ஜூலையிலிருந்து மச்சானின் குளியலறை டைல்ஸ் கடையில் வேலை. அங்கே காலையில் கடை திறக்கும்போது யாரும் "லூபென்!" என்று கத்தப் போவதில்லை. இன்னும் ஒரே ஒரு முறை அதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

"பேசாம கால்டன்பாக் ஆட்டத்துல என்னை உட்கார வச்சிடுங்க," என்று பயிற்சியாளர் ரைமுண்ட் ஹாக்கிடம் கேட்டுப் பார்த்தான்.

"வச்சிடுவேன்டா. உனக்குப் பதிலா யாரை இறக்கறது? உன் இடத்துல ஆடுற ரெண்டு பேரும் ஹெர்ரிங் மீன் சாலட்டைத் தின்னுட்டு கழிவறையிலயே குடித்தனம் நடத்தறானுங்க. அந்த ஆட்டத்துல ஜெயிச்சாதான் நாம இந்தப் பிரிவுல இருப்போம். இல்லன்னா நாலாம் பிரிவு. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ ஆடு. ஆனா ஒருத்தனையும் தொடாத."

"தொடாம எப்படி ஆடறது?"

ஹாக் தாடையைச் சொறிந்தார். "எனக்கு எப்படிடா தெரியும்? பதினாறு வருஷத்துல நீ ஒரு தடவையாவது செஞ்சு காட்டியிருந்தா நானும் பார்த்துத் தெரிஞ்சிருப்பேன்."

வீட்டில் மனைவி வீப்கெ பயிற்சி கொடுத்தாள். கூடத்தில் அவள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடப்பாள். இவன் அவளைத் தடுக்காமல் வழிவிட வேண்டும். முதல் தடவையே கால் தானாக நீண்டது. துணியெல்லாம் தரையில்.

"கட்டின பொண்டாட்டியையே வாருறியே, கால்டன்பாக்காரனை விடுவியா?" என்றாள் வீப்கெ, காலுறைகளைப் பொறுக்கியபடி. "இங்க பாரு. எவனாவது பக்கத்துல வந்தா, கையை முதுகுக்குப் பின்னால கட்டு. 'வாங்க, நீங்க போங்க'ன்னு சொல்லிட்டு நகர்ந்துடு. பேக்கரி வரிசையில நிக்கிறோம்னு நினைச்சுக்கோ."

"பேக்கரி வரிசையில நான் அப்படிச் சொல்றதில்லயே."

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

கால்டன்பாக்காரர்கள் பத்திரிகை படிக்கிறவர்கள். டாமோவின் அட்டைக் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. ஆட்டம் தொடங்கியதுமே லெவின் என்கிற இருபத்தொரு வயதுப் பையன், காதில் கடுக்கனுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, டாமோவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன பெரிசு, அடுத்த வாரம் பூச்செண்டு குடுக்கிறாங்களாமே? வாசனை பிடிக்க முடியாமப் போயிடப் போகுது."

டாமோ கையை முதுகுக்குப் பின்னால் கட்டினான். "வாங்க, நீங்க போங்க."

லெவின் திகைத்துவிட்டான். திட்டு வரும், முழங்கை வரும் என்று எதிர்பார்த்து வந்தவன். மரியாதை வந்ததும் அவனுக்குக் கால் பின்னிக்கொண்டது, தானாகவே விழுந்தான். டாமோ பதறிப்போய் அவனைத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் ஒட்டியிருந்த புல்லையும் தட்டிவிட்டான். நடுவர் ஓடி வந்தார். கை சட்டைப் பைக்குப் போனது. டாமோ மறுபடி கையை முதுகுக்குப் பின்னால் கட்டினான். நடுவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனார். பழக்கதோஷத்தில் கை போயிருக்க வேண்டும், டாமோவைப் பார்த்தால் எந்த நடுவருக்கும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு டாமோ ஒரு வழி கண்டுபிடித்தான். ஆள் இருக்கிற இடத்துக்குப் போனால்தானே ஆபத்து? ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஓடினான். லெவின் இடதுபக்கம் வந்தால் இவன் வலதுபக்கம். இரண்டு பேர் பின்னால் வந்தால் இவன் முன்னால். கடன்காரனைக் கண்டவன் போல மைதானம் முழுக்க ஒளிந்து திரிந்தான். பதினாறு வருடமாக எதிராளியின் மூச்சுக்காற்று படும் தூரத்திலேயே வாழ்ந்தவனுக்கு அன்றுதான் தெரிந்தது, மைதானத்தில் இவ்வளவு காலி இடம் கிடக்கிறது என்று. யாரும் சொல்லவே இல்லையே என்று கொஞ்சம் கோபம் கூட வந்தது.

கோல் ஏதும் இல்லாமல் ஆட்டம் முடியும் தருவாய்க்கு வந்தது. சமனாக முடிந்தால் மூர்லாகே கீழே போய்விடும். மூர்லாகே ஆட்கள் எல்லோரும் முன்னேறினார்கள், அவர்களைத் தடுக்கக் கால்டன்பாக்காரர்களும் கோலுக்கு முன்னால் கூட்டமாகக் குவிந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் டாமோவுக்கு உதறல். அத்தனை கால்கள்! ஒன்றையாவது மிதித்துவிடுவோம் என்று பயந்து, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, கோலுக்கு வலதுபுறத்தில் ஈ காக்கை இல்லாத ஒரு மூலையில் போய் நின்றான். அவனை யாரும் கவனிக்கவில்லை. கோல் பக்கத்தில் டாமோவைக் கவனிக்க வேண்டும் என்று உலகத்தில் எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கூட்டத்தில் பந்து யாருடைய பின்புறத்திலோ பட்டுத் தெறித்து, உருண்டு உருண்டு, டாமோவின் காலடியில் வந்து நின்றது.

எதிரே திறந்த கோல். தூரத்தில் மூர்லாகேயிலிருந்து வந்திருந்த முந்நூறு பேர் பழக்கத்தில் "அடி!" என்று கத்தத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்கள். இங்கே ஹில்கோ இல்லை, வாளி இல்லை, சிரிக்கிற நேரமும் இல்லை. டாமோ உதைத்தான். கணுக்காலில் பட்டது. பந்து ஒரு வாத்து நடப்பது போலத் தத்தித் தத்திப் போய்க் கோட்டைத் தாண்டியது.

கோல்.

அந்த நொடியில் டாமோவுக்குள் என்னவோ அறுந்துவிட்டது. பதினாறு வருடமாக மற்றவர்கள் கோல் போடும்போது ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற ஆள் அவன். தான் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் யோசித்து வைத்ததே இல்லை. கால் ஓடியது. வாய் கத்தியது. கை தானாகச் சட்டையின் அடிவிளிம்பைப் பிடித்தது.

கோல் போட்டு மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை. பந்து விளையாடுகிற ஆறு வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். அட்டை வாங்கும் கலையில் கரைகண்ட டாமோவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கோல் போட்டிருந்தால்தானே அந்த வழியாக ஒரு அட்டை வாங்கிப் பழகியிருப்பான்.

மைதானத்தின் அடுத்த கோடியிலிருந்து மூர்லாகேயின் கோல்கீப்பர் எர்க்கான், கையுறையை ஆட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடி வந்தான். "அண்ணே! கழட்டாதீங்கண்ணே! அண்ணே!"

நம்மைப் பாராட்ட எவ்வளவு தூரத்திலிருந்து ஓடி வருகிறான் பார், என்று டாமோவுக்குக் கண் கலங்கியது. பயிற்சியாளர் ஹாக் கோட்டுக்கு வெளியே முட்டி போட்டு இரண்டு கையையும் கூப்பினார். மாற்று ஆட்டக்காரர்கள் தங்கள் சட்டையைத் தாங்களே கீழே இழுத்து இழுத்துக் காட்டினார்கள். எல்லோரும் என்னைப் போலவே குதிக்கிறார்கள் என்று டாமோ நினைத்தான். சட்டை தலையில் மாட்டிக்கொண்டது. எர்க்கான் வந்து சேர்ந்து அதைக் கீழே இழுக்க, டாமோ மேலே இழுக்க, இரண்டு பேரும் மாவு பிசைவது போலப் போராடினார்கள். கடைசியில் ஜெயித்தது டாமோ. வெள்ளை வயிறு வெயிலில் பளபளக்க, சட்டையைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினான்.

இரண்டாம் சுற்றில் மஞ்சளாக ஒன்று கண்ணில் பட்டது.

"எனக்குக் கஷ்டமா இருக்கு லூபென்," என்றார் நடுவர். உண்மையிலேயே அவர் முகம் அழுவது போல இருந்தது. "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே."

கால்டன்பாக் அறிவிப்பாளர், எதிரணி கோல் போட்டால் எல்லா ஊர் அறிவிப்பாளர்களும் பேசுகிற அதே குரலில், ரயில் தாமதத்தைச் சொல்வது போல, "விருந்தினர் அணிக்குக் கோல். ஆறாம் நம்பர். டாமோ லூபென்," என்று முணுமுணுத்து மைக்கை அணைத்தார். பதினாறு வருடத்தில் ஒரே கோல், அதற்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

மூர்லாகே ஜெயித்தது. மூன்றாம் பிரிவில் தங்கியது. திரும்பி வரும் பேருந்தில் எல்லோரும் இருக்கை மேல் ஏறி ஆடினார்கள். டாமோ மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சட்டையின் எல்லாப் பொத்தானையும் கழுத்து வரைக்கும் போட்டிருந்தான்.

"அழாதீங்கண்ணே," என்றான் எர்க்கான். "ஊரையே காப்பாத்தியிருக்கீங்க."

"அழலடா. கழுத்து இறுக்குது."

அந்த வாரம் மூர்லாகே அவனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பேக்கரிக் கண்ணாடிக்குள் வெற்று மார்போடு, சர்க்கரையும் பாதாம் மாவும் பிசைந்து செய்த ஒரு மார்சிபன் மனிதன் நின்றான், தொப்புளுக்கு ஒரு திராட்சை. தபால்காரர் குட்மார்னிங் சொல்வதற்குப் பதிலாக மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். வீப்கெ மட்டும் கிண்டல் செய்யவில்லை. ஒரு முறை, ஒரே ஒரு முறை, துணி மடிக்கும்போது, "அந்தச் சட்டையைக் கால்சட்டையோட சேர்த்துத் தச்சு அனுப்பியிருக்கணும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை டாமோ கெஷே அக்காவின் ஓட்டுநர் பள்ளிக்குப் போனான். வார நாட்களில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார், டாமோவுக்கும்.

"அக்கா, ஒரு உதவி."

"போலீஸ்காரன் உரிமத்தைப் பிடுங்கிட்டானா?"

"இல்லக்கா. நாளைக்கு அணியை வாசிக்கும்போது... சும்மா ஒரு தடவை... ஆறாம் நம்பர்னு என் பேரையும் வாசிச்சிடுங்களேன். ஒரே தடவை."

கெஷே அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "நீ நாளைக்கு ஆடறியா?"

"இல்ல."

"ஆடாதவன் பேரை எப்படிடா வாசிக்கிறது? இருபது வருஷமா அந்த மைக்குல ஒரு பொய் சொன்னதில்ல. ஆள் இல்லாத ரோட்டுலயும் சிவப்பு விளக்குக்கு நிக்கிறவ நான். இண்டிகேட்டர் போடாம திரும்பி மூணு தடவை பரீட்சையில தோத்தியே, அப்பவாவது உன்னைச் சும்மா பாஸ் போட்டேனா?"

"இல்லக்கா."

"போ. சட்டையைப் போட்டுக்கிட்டு ஒழுங்கா வந்து உட்காரு."

டாமோ வெளியே வந்தான். அவனுக்கு நெஞ்சு வலித்தது. சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் வலித்தது.

சனிக்கிழமை பூச்செண்டு கொடுத்தார்கள், கைகுலுக்கினார்கள், பேண்டு வாசித்தது. பிறகு கோட்டு சூட்டோடு அவனைப் பார்வையாளர் வரிசைக்கு அனுப்பினார்கள். வீப்கெ பக்கத்தில். கெஷே அக்கா அணியை வாசித்தார். ஐந்தாம் நம்பர் வந்தது, ஏழாம் நம்பர் வந்தது. ஆறு வரவில்லை. டாமோ பூச்செண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். வீப்கெ அவன் முழங்கால் மேல் கை வைத்தாள்.

ஆட்டம் மகா கேவலம். பிரிவில் தங்கிவிட்ட சந்தோஷத்தில் வாரம் பூராவும் குடித்த பிள்ளைகள் பந்தை ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் குழந்தை போலத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்குள் மூன்று கோல், மூன்றும் எதிராளி போட்டது. கெஷே அக்காவின் ரயில் தாமதக் குரல் மட்டுமே கேட்டது.

ஆட்டக்காரர்கள் உள்ளே போனதும் மைக் கரகரத்தது.

"மக்களே, கெஷே பேசறேன். இன்னைக்கு நம்ம பசங்க எனக்கு வேலையே வைக்கல. தொண்டை சும்மா கிடக்கு. அதனால பாக்கி இருக்கிற ஒரு வேலையை முடிச்சிடறேன். போன சனிக்கிழமை நம்ம அணி கால்டன்பாக்குல ஒரு கோல் போட்டுச்சு. அது நடந்தது, உண்மை. அதை இந்த ஊர்ல இன்னும் யாரும் முறையா அறிவிக்கல."

ஹில்கோவின் கடையில் சாசேஜ் பொரியும் சத்தம் கூடக் கேட்டது.

"மூர்லாகே அணிக்குக் கோல்!" ரயில் தாமதமெல்லாம் போய், கெஷே அக்காவின் சொந்தக் குரல் கிளம்பியது. "போட்டது, நம்ம ஆறாம் நம்பர், டாமோ...!"

"லூபென்!"

டாமோ எழுந்து நின்றுவிட்டான்.

"டாமோ...!"

"லூபென்!"

"டாமோ...!"

"லூபென்!" மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கின. சாசேஜ் கடையில் ஹில்கோ பழக்கத்தில் வாளியை மூடினார்.

"நம்ம மூர்லாகே?"

"ஒண்ணு!"

"எதிரணி?"

"முட்டை!"

ஒவ்வொரு கோலுக்கும் இதன் பிறகு கெஷே அக்கா "நன்றி!" என்பார், கூட்டம் "பரவாயில்ல!" என்று திருப்பிக் கத்தும். ஜெர்மனி முழுக்க இதுதான் வழக்கம்.

"நன்றி!" என்றார் கெஷே அக்கா.

கூட்டம் பரவாயில்லை என்று சொல்லவில்லை. யார் முதலில் தொடங்கியது என்று தெரியாது. ஆறாயிரம் பேரும் டாமோ இருந்த பக்கம் திரும்பினார்கள். "நன்றி!" என்றார்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

பதிலை அவன்தான் சொல்ல வேண்டும் என்று டாமோவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உப்புக் கூடக் கேட்காத அந்த மனிதன் வாயைத் திறந்தான், குரல் வரவில்லை, மூடினான், மறுபடி திறந்தான்.

"பரவாயில்ல," என்றான்.

கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் கடைசி வரிசையிலிருந்துதான் முதல் ஆரவாரம் வந்தது. டாமோ அழுதான், சிரித்தான், பூச்செண்டை ஹில்கோவின் கடைப் பக்கமாக வீசினான், அது புகைக்குழாயில் போய் விழுந்தது. வீப்கெயும் அழுதாள். ஆனால் அவன் சட்டைக் காலரை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், விடவே இல்லை.